பள்ளத்துல பறிச்ச கீரை

குடியேறி வந்தவங்களைப் பத்தின பிக்சர் புக்குன்னு லைப்ரரில ஒரு கை அள்ளிட்டு வந்தீங்கன்னா பாதிக்கு மேல ஒரே கதைதான் இருக்கும். புது ஊரு, புது ஸ்கூல், பிள்ளை டிஃபன் பாக்ஸைத் திறக்கும், பக்கத்து சீட்டுப் பிள்ளை மூக்கைப் பொத்தும், இது வீட்டுக்கு வந்து அழும், நாளைலேருந்து சாண்ட்விச்தான் வேணும்னு அம்மாகிட்ட அடம் பிடிக்கும். அப்புறம் ஒரு நல்ல டீச்சர் வருவாங்க, உலக உணவு நாள்னு ஒண்ணு வைப்பாங்க, ஆளுக்கு ஒரு வாய் எடுத்துப் போட்டுப் பார்த்து ஆஹா ஓஹோன்னு சொல்லுவாங்க, கடைசிப் பக்கத்துல எல்லா நிறத்துப் பிள்ளைங்களும் கையைக் கோத்துட்டு சிரிக்கும். முடிஞ்சுது கதை. கொரியா ஊறுகாய் கிம்ச்சியோ, சமோசாவோ ஜெயிச்சிருச்சு.

எனக்கு இந்தக் கதை மேல ரொம்ப நாளா ஒரு கடுப்பு. மூக்கைப் பொத்தின பிள்ளை இதுல மாறவே இல்ல பாருங்க, அதுக்கு ருசி பிடிச்சிருந்தது, அவ்வளவுதான். பிடிக்காமப் போயிருந்தா? அப்ப அந்தப் பிள்ளை அழுதது நியாயம்னு ஆயிடுமா? அதைவிட மோசம், இந்த மாதிரி புக்குல அம்மாங்கிறவங்க கதை பூரா அடுப்படில முதுகைக் காட்டிட்டு நிப்பாங்க. கண்டம் விட்டு கண்டம் வந்த ஆளே அவங்கதான், ஆனா அவங்களுக்கு ஒரு பக்கம்கூடக் கிடையாது. டப்பா கட்டிக் குடுக்குறதோட சரி.

மே மாசம் அமெரிக்காவுல ஆசிய வம்சாவளிக்காரங்களுக்கான மாசம், அதுக்கு யாராவது பேரன்ட் வந்து கிளாஸ்ல ஒரு புக்கு வாசிக்க முடியுமான்னு பொண்ணோட ஸ்கூல்லேருந்து மெயில் வந்துது. நான் சரின்னு தலையாட்டிட்டேன், ஒரு பை நிறைய புக்கு குடுத்து விட்டாங்க, "சந்தோஷமா முடியுற மாதிரி ஒண்ணு எடுத்துக்கோங்க"ன்னு ஒரு வரி வேற. நானும் பொண்ணும் சோபாவுல உக்காந்து ஒண்ணொண்ணா படிச்சோம். பையிலேருந்த பெரும்பாலானதைப் பத்தி சொல்ல ஒண்ணும் இல்ல. ஒரு புக்கைப் பத்தி மட்டும் நிறைய சொல்லணும், அதுக்காகத்தான் இந்தப் பதிவே.

வாட்டர்கிரெஸ். ஆண்ட்ரியா வாங் எழுதி ஜேசன் சின் படம் போட்டது, 2021ல வந்துது. அடுத்த வருஷம், அதாவது 2022ல, படத்துக்கான கால்டிகாட் மெடல், எழுத்துக்கு நியூபெரி ஹானர், ரெண்டும் ஒரே புக்குக்கு. அமெரிக்காவுல பிள்ளைங்க புக்குக்குக் குடுக்குற பெரிய விருதுங்க இது, மெடல்னா முதலிடம், ஹானர்னா அதுக்கு அடுத்த இடம். வாட்டர்கிரெஸ்ங்கிறது தண்ணியோரத்துல முளைக்கிற ஒரு கீரை, லேசா காரமா கசப்பா இருக்கும். கதை என்னன்னா, அமெரிக்காவுல ஒஹையோ மாநிலத்துல ஒரு பழைய போன்டியாக் கார் போயிட்டிருக்கு, செவப்பு பெயின்ட் எல்லாம் வெளுத்துப் போச்சு, ரெண்டு பக்கமும் சோளக்கொல்லை. திடீர்னு அம்மா ரோட்டோரப் பள்ளத்துல அந்தக் கீரையைப் பார்த்துடுறாங்க. காரை நிறுத்துறாங்க, டிக்கியிலேருந்து ஒரு காகிதப் பையும் துருப்பிடிச்ச கத்தரிக்கோலும் எடுக்குறாங்க, பொண்ணும் அவ அண்ணனும் பேன்ட்டை மடிச்சு விட்டுட்டு அந்தச் சேத்துத் தண்ணில இறங்கிக் கீரை பறிக்கணும். ஒரு கார் அந்தப் பக்கமா போகுது. தெரிஞ்சவங்களா இருந்துடக் கூடாதேன்னு பொண்ணு தலையைக் குனிஞ்சுக்கிறா.

ராத்திரி சாப்பாட்டுக்கு அந்தக் கீரைதான், பூண்டு எண்ணெயில வதக்கி எள்ளு தூவி. பொண்ணு தொட மாட்டேங்குறா. கடையில வாங்கின காய்தான் வேணுங்கிறா. சும்மா கிடைக்கிறது எல்லாமே கேவலம்னு அவளுக்குத் தோணுது, யாரோ போட்டுட்டுக் குடுத்த துணி, ரோட்டோரம் தூக்கிப் போட்ட மேஜை நாற்காலி, இப்ப பள்ளத்துலேருந்து சாப்பாடு. அம்மா ஒண்ணும் பேசாம எழுந்து உள்ள போயி ஒரு பழைய போட்டோவை எடுத்துட்டு வர்றாங்க. சீனாவுல இருந்த அவங்க குடும்பம். அதுவரைக்கும் அந்தக் குடும்பத்தைப் பத்தி அம்மா வாயே திறந்ததில்ல. பஞ்சத்துல கையில கிடைச்சதையெல்லாம் தின்னோம், அப்பவும் பத்தலன்னு சொல்றாங்க. போட்டோவுல அம்மாவோட ஒரு குட்டித் தம்பி இருக்கான்.

கதை இவ்வளவுதான். பொண்ணு கீரையை எடுத்து வாயில வைக்கிறா. டீச்சர் கிடையாது, வகுப்பு கிடையாது, கை தட்டுறதுக்கு ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை கிடையாது. வெளியாள்னு வர்றது ரோட்டுல போன அந்த ஒரு கார் மட்டும்தான், அதுவும் நிக்காமப் போயிடுது, உள்ள இருந்தவங்க இவங்களைப் பார்த்தாங்களான்னே தெரியாது. பொண்ணோட வெக்கம் முழுக்க அவ மனசுல ஓடுறது, அது தீர வேண்டிய இடமும் அவளுக்கும் அம்மாவுக்கும் நடுவுல இருக்கு. அம்மாதான் இந்தக் கதையில பெரிய ஆளு. ஒரு பிக்சர் புக்குல ஒரு குடியேறின அம்மாவுக்கு ரகசியம் இருக்கலாம், துக்கம் இருக்கலாம், பிள்ளைகிட்ட கூட சொல்லாம வெச்சிருந்த தம்பி ஒருத்தன் இருக்கலாம்னு ஒத்துக்கிட்டதே எனக்குப் பெரிய விஷயமாத் தெரிஞ்சுது.

படத்தைப் பத்தி சொல்லியே ஆகணும். பிக்சர் புக்கைப் பத்தி எழுதுறவங்க நிறைய பேரு கதையைச் சொல்லிட்டு "படங்களும் அருமை"ன்னு ஒரு வரில முடிச்சிருவாங்க, ஹோட்டலுக்குப் போய் இலை நல்லா இருந்துதுன்னு சொல்லிட்டு வர்ற மாதிரி. பொதுவா முப்பத்திரண்டு பக்கம்தான் ஒரு பிக்சர் புக்கு, பெரிய தாளை மடிச்சு வெட்டித் தைக்கிற கணக்குக்கு அப்படித்தான் வரும், அந்த முப்பத்திரண்டுக்குள்ள எங்க பக்கத்தைத் திருப்ப வைக்கிறது, நடு மடிப்புல எது விழணும், எந்த இடத்துல எழுத்தே இல்லாம விடணும்ங்கிறதுலதான் இந்த வித்தையே இருக்கு. ஜேசன் சின் ஒரு இடத்துல என்ன பண்ணியிருக்காருன்னா, ரெண்டு பக்கமும் சேர்ந்து ஒரே படம், இந்தப் பக்கம் ஒஹையோ சோளக்கொல்லை, கண்ணை அப்படியே நகர்த்திட்டுப் போனா சோளத்தட்டை மூங்கிலா ஆயிடுது, நாம எந்த இடத்துல எல்லை தாண்டினோம்னே தெரியாம சீனாவுக்குப் போயிடுறோம். அம்மா மனசுல என்ன ஓடுதுன்னு பொண்ணுக்குத் தெரியாது, வாசிக்கிற நமக்குக் காட்டிடுறாரு. வாட்டர்கலர்தான், ஆனா சீன ஓவியத்துல பயன்படுத்துற தூரிகையும் முறையும் கலந்து போட்டிருக்காரு. நீர் ஊறிக் கரைஞ்ச மாதிரி ஓரங்கள் இருக்கிறதால ஞாபகம்னு தனியா சொல்லவே வேண்டியதில்ல.

அப்புறம் அந்தச் சாப்பாட்டு மேஜை. சீனாவுல அம்மா சின்னப் பொண்ணா இருந்தப்போ குடும்பம் உக்காந்திருக்கிற படம், அடுத்து அதே மேஜையில ஒரு இடம் காலி. எழுத்துல "தம்பி செத்துட்டான்"னு எங்கயுமே வராது. நான் எழுத்தைப் படிச்சுட்டு அடுத்த பக்கத்துக்குப் போகப் பார்த்தேன், என் பொண்ணு என் கையைப் பிடிச்சு நிறுத்தி "அந்தக் குட்டிப் பையன் எங்கம்மா?"ன்னா. நான் அந்தப் பக்கத்தைச் சரியாவே பார்க்கலைங்கிறது அப்பதான் உறைச்சுது. பெரியவங்க நாம எழுத்துக்கு ஓடிடுறோம், படத்தை ஓரக்கண்ணால தொட்டுட்டுப் போறோம், எழுத்துக்கூட்டிப் படிக்கிற வயசுப் பிள்ளை படத்துலயே குடியிருக்கு. அதனால இந்த மாதிரி புக்கை எடை போடணும்னா முதல்ல எழுத்தை விட்டுட்டு படத்தை மட்டும் ஒரு தடவை புரட்டிப் பார்க்கணும்னு நினைக்கிறேன். எழுத்து இல்லாமலே அந்த மனுஷங்க மனுஷங்களாத் தெரியுறாங்களா, இல்ல எல்லாருக்கும் ஒரே கண்ணு ஒரே மூக்கு போட்டு விட்டிருக்காங்களா, அப்பா அம்மா எப்பவும் பாரம்பரிய உடுப்புலயே திரியுறாங்களான்னு அதுலயே பாதி தெரிஞ்சுடும். வாட்டர்கிரெஸ் அப்பா சாதாரண சட்டை பேன்ட்தான் போட்டிருக்காரு. யாருப்பா கீரை பறிக்கப் பட்டு உடுத்திட்டுப் போறாங்க!

பஞ்சம்னு ஒரு வார்த்தைல கதை அதைத் தாண்டிப் போயிடுது. 1959லேருந்து 1961 வரைக்கும் சீனாவுல நடந்த பெரும் பஞ்சம்னுதான் பொதுவா அதை எடுத்துக்கிறாங்க. 1958ல சீனத் தலைவர் மாவோ ஆரம்பிச்ச மாபெரும் பாய்ச்சல் திட்டத்துல நிலத்தையெல்லாம் கூட்டுப்பண்ணையாக்கி, வீட்டு அடுப்பை அணைச்சுப் பொதுச் சமையல்கூடம் வெச்சு, சட்டி பானையைக்கூட இரும்பு உருக்குறதுக்குப் போட்டாங்க. கீழ இருந்த அதிகாரிங்க மேலிடத்துக்குப் பயந்து விளைச்சலை ஏத்தி ஏத்திக் கணக்கு எழுத, அந்தப் பொய்க் கணக்குப்படி அரசாங்கம் தானியத்தை அள்ளிட்டுப் போக, விளைவிச்சவனுக்கே சோறு இல்லாமப் போச்சு. செத்தவங்க எண்ணிக்கை ஒன்றரைக் கோடின்னும் சொல்றாங்க, நாலரைக் கோடின்னும் சொல்றாங்க, ஆராய்ச்சியாளருக்கு ஆராய்ச்சியாளர் மாறுது. ஆறேழு வயசுப் பிள்ளைக்கான புக்குல இதெல்லாம் எழுத முடியாது, தேவையுமில்ல. ஆனா வாசிச்சுக் காட்டுற ஆளுக்குத் தெரிஞ்சிருக்கணும். இல்லேன்னா "சீனாவுல பாவம், சாப்பாடு இல்ல, அமெரிக்காவுல எல்லாம் இருக்கு"ன்னு ரொம்ப சுலபமா ஒரு அர்த்தம் வந்துடும், பிள்ளைங்களுக்கு ஒரு நாட்டையே பசிங்கிற ஒத்தைச் சொல்லால ஞாபகம் வெச்சுக்கப் பழக்கம் பண்ணிடுவோம்.

இப்ப என் குறைக்கு வர்றேன், ஏன்னா எல்லாரும் இந்த புக்கைத் தலையில தூக்கி வெச்சுட்டு ஆடுறாங்க. அந்தப் போட்டோ வேலை செய்யுற வேகம் எனக்குக் கொஞ்சம் உறுத்துது. பிள்ளை சாப்பிட மாட்டேங்குது, அம்மா செத்துப்போன தம்பி படத்தைக் கொண்டு வந்து காட்டுறாங்க, பிள்ளை வெக்கப்பட்டதுக்கே வெக்கப்பட்டு சாப்பிட்டுடுது. நம்ம வீடுகள்ல இது எத்தனை தடவை நடந்திருக்கும்! "நாங்கல்லாம் உங்க வயசுல ரேஷன் அரிசிக்கு க்யூல நின்னோம், உனக்கு என்ன கொழுப்பா"ன்னு ஆரம்பிச்சா தட்டுல இருக்கிறது உள்ள போயிடும், ஆனா அது பாசத்துல போனதா பயத்துல போனதான்னு யாரு பார்த்தா. வாட்டர்கிரெஸ் அந்தக் கோட்டுக்கு ரொம்பப் பக்கத்துல வந்து தப்பிச்சிருக்கு. அம்மா அதட்டல, அவங்க முகத்தை வரைஞ்சிருக்கிற விதத்துல கோபமே இல்ல, ரொம்ப நாளா மூடி வெச்ச ஒண்ணைத் திறந்த களைப்புதான் இருக்கு. அதனால நான் ஏத்துக்கிட்டேன். ஆனாலும் அந்தப் பொண்ணு போட்டோவைப் பார்த்து அழுதுட்டு, அப்பவும் கீரை பிடிக்கலன்னு தட்டைத் தள்ளி வெச்சிருந்தா அது இன்னும் தைரியமான புக்கா இருந்திருக்கும்னு ஒரு எண்ணம் இருக்கு. அம்மாவோட துக்கம் புரியுறதும் கீரை பிடிக்கிறதும் வேற வேறதானே. இன்னொண்ணு, அந்த அண்ணன் சும்மா கூட வர்றான், அவ்வளவுதான்.

இதே பையில இன்னொரு புக்கு இருந்துது, பாவோ ஃபி எழுதி தி புய் படம் போட்ட எ டிஃபரன்ட் பாண்ட், 2017ல வந்தது, இதுக்கும் 2018ல கால்டிகாட் ஹானர். மினியாபொலிஸ்ல ஒரு வியட்நாம் அகதிக் குடும்பம், விடியறதுக்கு முன்னாடி அப்பாவும் பையனும் குளத்துக்கு மீன் பிடிக்கப் போறாங்க. பொழுதுபோக்குக்கு இல்ல, ராத்திரி சாப்பாட்டுக்கு. அப்பாவுக்கு ரெண்டாவதா ஒரு வேலை கிடைச்சிருக்கு. ரெண்டாவது வேலை கிடைச்சும் ஏன்ப்பா இன்னும் மீன் பிடிக்கணும்னு பையன் கேக்குறான், அமெரிக்காவுல எல்லாத்துக்கும் காசு ஜாஸ்திங்கிறாரு அப்பா. வியட்நாம்ல இதே மாதிரி ஒரு குளத்துல கூடப் பிறந்தவனோட மீன் பிடிச்சதையும் சொல்றாரு, போருக்குப் போன அவன் திரும்பி வரல. அதைச் சொல்லிட்டு மறுபடி தூண்டிலைப் பார்க்குறாரு. இங்கயும் பறிகொடுத்த ஒரு கூடப்பிறப்பு, ஆனா அவனை வெச்சு யாரும் யாரையும் திருத்தல, பையன் எதுக்கும் வெக்கப்படவும் இல்ல, குளிருல அப்பாவோட இருக்கிறது அவனுக்கு சந்தோஷமா இருக்கு. காமிக்ஸ் மாதிரி கட்டம் கட்டமா, முக்காவாசி கருநீலத்துல படம். ரெண்டுல எது பெட்டர்னு கேட்டா நேர்மையில இதுதான் ஒரு படி மேல, மனசுல தைக்கிறதுல வாட்டர்கிரெஸ் மேல.

இந்த ரெண்டையும் படிச்சப்போ எனக்குள்ள ஒரு சின்னக் கிள்ளல். நம்ம ஆளுங்க, அதாவது என்னை மாதிரி வேலைக்குன்னு குடுக்குற ஹெச்ஒன்பி விசாவுல, கையில ஆஃபர் லெட்டரோட ஏர்போர்ட்ல இறங்கின கூட்டம், இந்த மாதிரி புக்கைப் பார்த்த உடனே "நம்ம கதை"ன்னு கண்ணைத் துடைச்சுக்குவோம். நம்ம கதையா இது? எங்க வீட்டு முதல் சோபா ரோட்டோரத்துல கிடந்ததுதான், என் வீட்டுக்காரர் எம்எஸ் படிக்கும்போது ரூம் பசங்களோட ராத்திரில தூக்கிட்டு வந்தது, மாடிப்படில திருப்ப முடியாம ஒரு காலைக் கழட்டிக் கொண்டு வந்தாங்களாம். அந்தக் கதையை இன்னிக்கும் விருந்தாளி வந்தா சிரிச்சு சிரிச்சு சொல்லுவாரு. வாட்டர்கிரெஸ் பொண்ணு அதே மாதிரி ரோட்டோர நாற்காலியை நினைச்சுக் கூசிப் போறா. சாமான் ஒண்ணுதான். எங்களுக்கு அடுத்த வருஷம் சம்பளம் வரும்னு தெரிஞ்சிருந்துது, தெருவுல நாலு வீடு தள்ளி நம்மள மாதிரியே நாலு குடும்பம் இருந்துது, அதனால அது சாகசக் கதை. அந்தப் பொண்ணோட ஒஹையோ வேற. புக்கு வருஷம் சொல்லல, காரையும் உடுப்பையும் பார்த்தா எழுபதுகள் மாதிரி இருக்கு. சீனாக்காரங்க வரக்கூடாதுன்னு 1882ல போட்ட சட்டத்தை 1943ல எடுத்தாங்க, எடுத்துட்டு வருஷத்துக்கு 105 பேர்னு ஒரு கோட்டா வெச்சாங்க, 1965ல புதுச் சட்டம் வந்தப்புறம்தான் ஆசியாக்காரங்களுக்குக் கதவு நிஜமா திறந்துச்சு. அந்தக் காலத்துல சோளக்கொல்லைக்கு நடுவுல ஒத்தைச் சீனக் குடும்பமா இருந்தா, ரோட்டுல போற எந்தக் காரும் உங்களைத் திரும்பிப் பார்க்கத்தான் செய்யும். அந்தக் கூச்சத்தை நான் பட்டேன்னு சொல்லிக்க எனக்கு உரிமை இல்ல.

பிள்ளைங்க புக்கு சிலருக்குத் தன்னையே பார்த்துக்கிற கண்ணாடி, சிலருக்கு அடுத்தவங்க வாழ்க்கையைப் பார்க்குற ஜன்னல்னு ரூடின் சிம்ஸ் பிஷப்ங்கிற பேராசிரியர் 1990ல எழுதினாங்க, இன்னிக்கு வரைக்கும் டீச்சருங்க எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க (அவங்க வேலை பார்த்ததும் ஒஹையோ ஸ்டேட் யூனிவர்சிட்டிதான், தற்செயல்). நல்ல யோசனைதான். ஆனா குடியேறின வீட்டுல ஒரே சோபாவுல உக்காந்து ஒரே புக்கைப் பார்க்குற ரெண்டு பேருக்கு அது வேற வேறயா இருக்கு. என் பொண்ணு அமெரிக்காவுல பிறந்தவ, தலையைக் குனிஞ்சுக்கிற அந்தப் பொண்ணை அவளுக்கு உடனே புரிஞ்சுது, நான் காஸ்ட்கோ கடை க்யூவுல ஊருக்கு வீடியோ கால் போட்டு சத்தமா பேசினா அவளும் அப்படித்தான் ஒரு வண்டி தள்ளி நிப்பா. நான் அந்த அம்மா பக்கம். ஆளுக்கொரு பக்கம் பிடிச்சுக்க இடம் குடுக்குற புக்கா இருந்தா அது நல்ல புக்கு. டிஃபன் பாக்ஸ் கதையில எனக்கு நிக்க இடமே இல்லங்கிறதுதான் என் மூல வழக்கு.

இன்னொண்ணும் கவனிங்க, இந்த வகை புக்கு பெரும்பாலும் வந்து சேர்றதோட முடிஞ்சுடும், திரும்பிப் போறவங்க கதை ரொம்ப அபூர்வம். அதுக்கு எனக்குத் தெரிஞ்சு ஆலன் சே 1993ல பண்ண கிராண்ட்ஃபாதர்ஸ் ஜர்னிதான் இருக்கு, 1994ல கால்டிகாட் மெடல் வாங்கினது. ஜப்பான்லேருந்து கலிஃபோர்னியா வந்த தாத்தா ஊர் ஞாபகம் தாங்காமத் திரும்பிப் போறாரு, போன பிறகு கலிஃபோர்னியாவுக்கு ஏங்குறாரு, நடுவுல போர் வந்துடுது, கடைசி வரைக்கும் திரும்ப வர முடியல. பேரன் வளர்ந்து கலிஃபோர்னியா வர்றான், அவனுக்கும் இங்க இருந்தா அங்க, அங்க போனா இங்கன்னு அதே நோய். படமெல்லாம் குடும்ப ஆல்பம் போட்டோ மாதிரி, எல்லாரும் விறைப்பா நேரா நின்னு பார்ப்பாங்க. பொண்ணுக்கு இது போரடிச்சுது, பாதியில எழுந்து போயிட்டா. நான் மட்டும் உக்காந்து முடிச்சேன். சில புக்கு பிள்ளைங்களுக்குன்னு அச்சடிச்சு நமக்கு விக்கிறாங்க, அதுல இது ஒண்ணு, ஷான் டேன் 2006ல போட்ட தி அரைவல் இன்னொண்ணு. அதுல கதை சொல்ல ஒரு வரி கிடையாது, படத்துக்குள்ள வர்ற போர்டு, பேப்பர் எல்லாம் அவரே இஷ்டத்துக்கு உண்டாக்கின எழுத்து, அதனால புது ஊருல ஒரு போர்டு கூடப் படிக்கத் தெரியாம முழிக்கிற அந்த ஆளோட சேர்ந்து நாமளும் முழிப்போம். பத்து வயசுக்கு மேல குடுங்க.

கிளாஸ்ல நான் வாட்டர்கிரெஸ்தான் வாசிச்சேன். சந்தோஷமா முடியுதான்னு டீச்சர் கேட்டாங்க, எல்லாரும் சேர்ந்து சாப்பிடுறாங்கன்னு சொல்லி வெச்சேன், பொய்யில்லையே. பிள்ளைங்களுக்குக் கூடுதல் கவலை அந்தப் பள்ளத்துத் தண்ணி சுத்தமாங்கிறதுலயும் நத்தை இருந்தா அதையும் சேர்த்து சமைச்சுடுவாங்களாங்கிறதுலயும்தான் இருந்துது. காலி இடத்தைப் பார்த்தது என் பொண்ணு மட்டும் இல்ல, முன்வரிசைல இருந்த இன்னும் ரெண்டு மூணு பேரு கையைத் தூக்கினாங்க.

வீட்டுல வாசிக்கப் போறீங்கன்னா அஞ்சு வயசுக்குக் கீழ வேணாம். நீங்க தனியா ஒரு தடவை படிச்சுட்டு அப்புறம் பிள்ளையோட உக்காருங்க, தம்பி எங்கன்னு கேள்வி கண்டிப்பா வரும், செத்துப்போச்சுன்னு நேரா சொல்லிடலாம், மழுப்பினா கண்டுபிடிச்சுடும். கடைசியில எழுத்தாளரும் ஓவியரும் எழுதியிருக்கிற குறிப்பு சின்ன எழுத்துல இருக்கு, அதைத் தாண்டிப் போயிடாதீங்க. அதைப் படிச்சு முடிச்ச கையோட "நீ இனிமே தட்டுல எதையும் மிச்சம் வைக்கக் கூடாது, புரியுதா"ன்னு மட்டும் தயவு பண்ணி ஆரம்பிச்சுடாதீங்க.